தோல்வி யாருடையது?

"விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் சகஜம்" என்றொரு வாக்கியம் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஆட்டம் முடிந்ததும் தோற்ற வீரனின் கையை வென்ற வீரன் பற்றிக் குலுக்கி இதனைக் கூறுவானாயின், அதிலே பெருந்தன்மை உண்டு; அதனை நாமும் மதிக்கின்றோம். ஆனால் அதே வாக்கியத்தை, ஆண்டுக்கணக்காகப் பதவியில் வீற்றிருக்கும் நிர்வாகி ஒருவர், குளிரூட்டிய மண்டபத்தில் பத்திரிகையாளர் முன்னிலையில் உதிர்க்கும்போது அதன் பொருள் முற்றாக மாறிவிடுகின்றது. அங்கே அது பொறுப்பிலிருந்து நழுவிச் செல்வதற்கான மார்க்கமாகின்றது. தோற்றது அணி, அழுதது இரசிகன், ஆனால் பதவி மட்டும் பத்திரமாக இருக்கின்றது. இதனைச் சகஜம் என்று ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமாயில்லை.

இலங்கை உதைபந்தாட்டத்தின் கதையைச் சற்று நினைவுகூர்வோம். 1995ஆம் ஆண்டு கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்திய அணியை 1–0 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது இலங்கை. 1998 ஆகஸ்டில் உலக வரிசையில் 122ஆம் இடத்தில் நின்றது. 2006இல் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை முன்னேறி, தஜிகிஸ்தானிடம் தோற்றது. பின்னர் படிப்படியாக இறங்கி, 2022இல் 211 நாடுகள் கொண்ட வரிசையிலே 207ஆம் இடத்தில் போய் நின்றது. ஓர் ஆட்டத்தில் தோற்பது சகஜமாக இருக்கலாம். கால் நூற்றாண்டுக் காலம் தொடர்ச்சியாகக் கீழிறங்குவது எவ்வாறு சகஜமாகும்?

2019ஆம் ஆண்டின் அனுபவத்தை நாம் மறப்பதற்கில்லை. உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் முதலாட்டத்தில், ஒரு நகரமேயான மக்காவோவிடம் 1–0 எனத் தோற்றோம். அவ்வாண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, நமது மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்துப் பச்சிளங் குழந்தைகளும் மாண்டிருந்தனர். பாதுகாப்பைக் காரணங்காட்டி இரண்டாவது ஆட்டத்துக்குக் கொழும்பு வர மக்காவோ அணி மறுத்தது. அதனால் ஆட்டம் எமக்கு அளிக்கப்பட்டது. அடுத்த சுற்றுக்குச் சென்றோம். நாட்டின் துயரமே அணிக்கு வெற்றி தேடித் தந்தது! அடுத்த சுற்றிலோ ஒரு புள்ளிதானும் பெறவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் தென் கொரியா எட்டுக் கோல்களை அடித்தது. அந்த எட்டுக் கோல்களையும் வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றவர்கள் வீரர்கள். அவர்களை அந்நிலையில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் எவரும் மைதானத்தில் நிற்கவில்லை.

இதற்கும் மேலான அவமானம் 2023இல் வந்தது. ஜனவரி மாதத்தில் சம்மேளனத் தேர்தல் நடந்தது. சில நாட்களில், 21ஆந் திகதி, மூன்றாந் தரப்பின் தலையீடு எனக் கூறிச் சர்வதேச அமைப்பான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. அமைச்சு ஒருபுறம், சம்மேளனத்தின் குழுக்கள் மறுபுறம், விதிக்கோவை பற்றிய சர்ச்சை நடுவில் என்று ஏழு மாதங்கள் கழிந்தன. அவ்வாண்டு பெங்களூரில் நடந்த தெற்காசியப் போட்டியில் நமது கொடி இல்லை. ஆகஸ்ட் மாத இறுதியில் தடை நீங்கிற்று. செப்டெம்பர்த் தேர்தலில், 2021இல் தெரிவான அதே தலைவரே மீண்டும் தெரிவானார். ஒக்டோபரில் யேமனிடம் 3–0 எனத் தோற்று, கொழும்பில் 1–1 எனச் சமன்செய்து, உலகக் கிண்ணக் கனவு முதற்சுற்றிலேயே முடிந்தது. இருபத்தொரு வயது வீரனுக்கு ஏழு மாதம் என்பது எத்துணை பெறுமதியானது என்பதை அறிந்தவர் அறிவர். அந்த ஏழு மாதங்களை அவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

இச்சர்ச்சையில் இரு தரப்பாரும் ஏந்திய கேடயங்களை உற்று நோக்குதல் வேண்டும். அமைச்சர்கள் ஏந்துவது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசிய அணி வெளிநாடு செல்வதற்கும் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும் என்னும் அளவுக்கு அச்சட்டம் அதிகாரம் வழங்குகின்றது. நிர்வாகிகள் ஏந்துவது சர்வதேச விதிகள் கூறும் சுயாதீனம். ஒருவர் "மக்களின் பேரால்" தலையிடுகின்றார். மற்றவர் "விளையாட்டின் பேரால்" தலையிடாதே என்கின்றார். மக்களிடம் எவராவது கேட்டனரா? விளையாடுவோரிடம் எவராவது கேட்டனரா? சுயாதீனம் நல்லதொரு கோட்பாடே. ஆனால் கணக்குக் காட்ட மறுப்பதற்கும், விமர்சனத்தை வாயிலிலேயே நிறுத்திவிடுவதற்கும் அது பயன்படுமாயின், அங்கே சுயாதீனம் பெற்றது விளையாட்டல்ல. ஒரு சிறு கூட்டம்.

கிரிக்கெட்டிலும் இந்நாடகத்தின் மறுபதிப்பையே கண்டோம். 2023 நவம்பர் 2ஆந் திகதி மும்பாயில் இந்தியாவுக்கெதிராக இலங்கை அணி 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 302 ஓட்டங்களால் தோற்றது. நாடெங்கும் ஆத்திரம் பொங்கியது. 6ஆந் திகதி அமைச்சர் நிர்வாகச் சபையைக் கலைத்தார். மறுநாள் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 9ஆந் திகதி பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 10ஆந் திகதி சர்வதேசக் கிரிக்கெட் சபை இலங்கையை இடைநிறுத்தியது. அம்மாத இறுதிக்குள் அமைச்சரே பதவியிழந்தார். இங்கு நடைபெறவிருந்த இளைஞர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. இரசிகரின் ஆத்திரத்தை ஏணியாக்கி ஏற முயன்றவர் விழுந்தார். அந்த ஆத்திரத்துக்கு இலக்கானவர் நிலைத்தார். தண்டனை மட்டும் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தலையில் விழுந்தது. மக்களின் கோபம் மக்களாலேயே ஒழுங்கமைக்கப்படாவிடின் அதனைப் பிறர் பயன்படுத்திக்கொள்வர் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கொழும்பின் இப்பதவிச் சண்டைகளுக்கும் வாவிக்கரையில் வாழும் எமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. மட்டக்களப்பு நகரிலே வெபர் விளையாட்டரங்கு இருக்கின்றது. அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றி, இம்மண்ணின் பிள்ளைகளை விளையாட்டிலே வளர்த்த யேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. தனிமனிதர் ஒருவரின் அர்ப்பணிப்பு என்ன செய்யக்கூடும் என்பதற்கு அவ்வரங்கு சாட்சி. ஓர் அமைப்பு செய்ய வேண்டியதைத் தனிமனிதரின் தலையில் விட்டுவிட்டோம் என்பதற்கும் அதுவே சாட்சி.

வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குச் செல்வோம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையில் மக்கள் பாதையிலேறியே வாவியைக் கடந்தனர். அங்கே வேளாண்மை வெட்டி முடிந்த வயல்தான் மைதானம். நாட்டிய இரு கம்புகள்தாம் கோல் கம்பங்கள். வெறுங்காலுடன் அந்த வரம்புகளுக்கிடையே பந்தை உருட்டிச் செல்லும் சிறுவனிடம் திறமை இல்லையென்று எவரும் கூற முடியாது. அவனைக் காண வரும் கண் இல்லை. வயலிலிருந்து பாடசாலை அணிக்கும், அங்கிருந்து கழகத்துக்கும், கழகத்திலிருந்து மாவட்ட அணிக்கும், அதிலிருந்து நாட்டின் அணிக்கும் அவனை ஏற்றிச் செல்லும் படிகள் இடையிடையே முறிந்து கிடக்கின்றன. மழை தொடங்கி வயலில் நீர் நிறைந்தால் அவனுடைய ஆட்டமும் முடிந்தது. முதுகு வளைந்து உழைக்கத் தொடங்கும் வயதில் அவனுடைய உதைபந்தாட்ட வாழ்வும் முடிந்தது.

இது எமது கற்பனைப் புலம்பல் அல்ல. 2021 ஏப்ரலில், நாட்டின் முதலாவது தொழில்முறைத் தொடர் என்ற ஆரவாரத்துடன் 'சூப்பர் லீக்' தொடங்கப்பட்டது. பத்துக் கழகங்கள். அவற்றுள் மூன்று முப்படைகளின் கழகங்கள். ஏனையவை கொழும்பும் மேற்குக் கரையும் மலையகமும் சார்ந்தவை. வடக்கிலிருந்து ஒன்றில்லை, கிழக்கிலிருந்து ஒன்றில்லை. உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் அதில் இடமிருக்கவில்லை. தேசம் என்ற சொல்லைத் தோல்வியின்போது எம்மோடு பகிர்ந்துகொள்பவர்கள், தொடரை அமைக்கும்போது ஏன் பகிர்ந்துகொள்வதில்லை?

எமது வாதத்தை மறுப்போர் மூன்று காரணங்களைக் கூறுவர். இது வறிய நாடு, சிறிய நாடு என்பது முதலாவது. அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள கேப் வேர்டே என்னும் தீவு நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஐந்தேகால் இலட்சம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகையும் ஏறக்குறைய அதுவே. அந்நாடு 2025 ஒக்டோபரில், 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. புலம்பெயர்ந்த தன் பிள்ளைகளையும் அது அணியிற் சேர்த்தது உண்மையே. ஆனால் அவர்களைத் தேடித் திரட்டியதும் நிர்வாகத்தின் வேலைதானே?

இப்போது நாமும் அவ்வழியில் வெல்லத் தொடங்கிவிட்டோமே என்பது இரண்டாவது காரணம். வெளிநாடுகளில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களின் துணையுடன் 2024 செப்டெம்பரில் கம்போடியாவைச் சமநிலை தீர்க்கும் உதைகளில் வென்றோம். 2025 ஜூனில் சீனத் தாய்ப்பேயையும் வென்றோம். அவ்வெற்றிகளில் நாமும் மகிழ்ந்தோம். அவ்வீரர்களும் எம்மவரே. ஆயினும் மெல்பேணிலும் லண்டனிலும் பிற நாட்டார் பயிற்றிய கால்களை அழைத்துவந்து, இந்நாட்டு நிர்வாகத்தின் சாதனையாகக் காட்டுவது நியாயமாகாது. கூரைக்கு ஓடு வாங்கியாயிற்று என்பதற்காக அத்திவாரம் இட்டதாகக் கணக்கெழுத முடியாது.

விளையாடத் தெரியாத இரசிகனுக்கு நிர்வாகத்தைப் பற்றிப் பேச என்ன அருகதை என்பது மூன்றாவது. இது பழைய எசமானர்களின் கேள்வி. வரி செலுத்துபவன் அவன். நுழைவுச்சீட்டு வாங்குபவன் அவன். தன் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புபவனும் அவனே. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு செல்வக் கழகங்கள் தமக்கென ஒரு தனித் தொடரை அறிவித்தபோது, வீதியில் இறங்கி மூன்று நாட்களுக்குள் அதனைக் குலைத்தவர்களுள் முதன்மையானோர் சாதாரண இரசிகர்களே. ஜெர்மனியில் 1998 முதல் உள்ள விதியின்படி, ஒரு சில விலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குரிமையிற் பாதிக்கு மேல் அதன் அங்கத்தவர் கையிலேயே இருத்தல் வேண்டும். இரசிகனுக்கு வாக்குண்டு என்பது உலகம் அறியாத புதுமையல்ல.

எனினும் எமது தரப்பாரின் தவறுகளையும் நாம் மூடி மறைக்கலாகாது. தோல்வியின் பின் வீரனை ஏசுதல், அவனுடைய இனத்தையும் மதத்தையும் ஊரையும் இழுத்துப் பேசுதல், எதிர்க்கழகத்தின் ஊரோடு கல்லெறிந்து சண்டையிடுதல் ஆகியவை நிர்வாகிகளுக்கு நாம் வலிய வழங்கும் பரிசுகள். தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் மாறி மாறி அமைந்த இக்கரையில் இவ்வெச்சரிக்கை மிக அவசியம். இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் மைதானம் இல்லை, பயிற்சியாளர் இல்லை, வாய்ப்பில்லை. அவர்கள் ஒருவரோடொருவர் மோதும்வரை, அவை ஏன் இல்லை என்ற கேள்வி எழாது.

நமது முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மட்டக்களப்பின் கண்ணகியம்மன் கோயில்களில் நடந்துவந்த கொம்பு விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். கொளுவிய கொம்புகளை இரு சேரியாரும் கயிற்றால் இழுப்பர். ஒருவர் கொம்பு முறியும். வென்றவர் தோற்றவரைப் பாடி எள்ளுவர். ஆனால் அத்தனையும் ஊருக்கு மழை பெய்யவும் நோய் நீங்கவும் வேண்டிச் செய்வதே. நடத்துபவர்களும் ஊரவர் கண்முன்னேயே நின்றனர். அம்மரபில் பழைமையின் குறைகளும் உண்டு. அவற்றை நாம் போற்றவில்லை. ஆயினும் விளையாட்டு ஊருக்குரியது, நடத்துபவன் ஊருக்குப் பதில் கூறவேண்டியவன் என்ற அதன் உட்பொருள் இன்றைக்கும் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. சம்மேளனமும் மாவட்ட லீக்குகளும் தமது ஆண்டுக் கணக்குகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் முன் வைத்தல் வேண்டும். வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இரசிகர் சங்கங்களுக்கும் பொதுச் சபையில் வாக்குரிமை வேண்டும். எந்தத் தொழில்முறைத் தொடர் அமைக்கப்படினும் வடக்குக்கும் கிழக்குக்கும் அதில் இடம் இருத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து தொடங்கும் வயதுப்பிரிவுப் போட்டிகள் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஆண்டு முழுவதும் நடைபெறல் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அவை சமமாக நடைபெறல் வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இவற்றை எவரும் தாமாக வந்து தரப்போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது. எமது மாவட்டத்தின் உதைபந்தாட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எங்கே செலவானது என்று விளையாட்டுத்துறை அமைச்சிடம் எழுத்தில் கேட்போம். வந்த பதிலைப் பாடசாலைச் சுவரிலும் சந்தைச் சந்தியிலும் ஒட்டுவோம். ஊருக்கு ஊர் இரசிகர் சங்கம் அமைப்போம். காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஏறாவூரும் கொக்கட்டிச்சோலையும் ஒரே மனுவில் கையெழுத்திடட்டும்.

படுவான்கரை வயலில் பந்து உருட்டும் அச்சிறுவனும் பெரியவனாகித் தோற்கக்கூடும். நன்கு பயின்று, முழுமூச்சாக ஆடி, தன்னிலும் வலியவனிடம் அவன் தோற்பானாயின், அப்போது நாமே அவன் தோளைத் தட்டி "வெற்றியும் தோல்வியும் சகஜம்" என்று கூறுவோம். அதுவரை அவ்வாக்கியத்தை உச்சரிக்கும் உரிமை எந்த நிர்வாகிக்கும் கிடையாது.