இரட்டிச்சா ஜெயிச்சுடலாமாம்ல!

வேகாஸ் கிளம்புற நண்பர்கள் நிறைய பேர்கிட்ட பிளாக்ஜாக்குக்கு ஒரு 'ரகசியம்' இருக்கு. தோத்தா பந்தயத்தை இரட்டிப்பாக்கு, எப்பவாவது ஜெயிச்சுத்தானே ஆகணும்!

கணக்கு போடுங்க மக்களே. 10, 20, 40, 80, 160, 320. ஆறு ஆட்டம் வரிசையா போனா 630 டாலர் காலி. ஏழாவதுக்கு 640 வேணும். மேஜையோட உச்சவரம்பு 500ன்னா அங்கயே கதை முடிஞ்சுது. இத்தனையும் எதுக்கு? முதல்ல வச்ச 10 டாலரை ஜெயிக்க! மணிக்கு 60, 70 ஆட்டம் ஓடுற இடத்துல ஆறு தொடர் தோல்வி ஒண்ணும் அபூர்வமில்லை.

என் கட்சி இதுதான். ராத்திரிக்கு 400 டாலர் ஒதுக்கினா, ஆட்டத்துக்கு நாப்பதுல ஒரு பங்கு, 10 டாலர். தோத்தாலும் ஜெயிச்சாலும் அதேதான். கையில 11, டீலருக்கு 6 தெரியுது, டபுள் பண்ணக் காசில்லைன்னா அதைவிடக் கொடுமை உண்டா?

1956ல ஜான் கெல்லிங்கறவர் பந்தய அளவுக்கு ஒரு சூத்திரம் எழுதினார். சாதகம் எவ்வளவோ அதுக்கேத்தபடி வை. சீட்டு எண்ணத் தெரியாத நமக்கு சாதகமே கிடையாது, ஆக விடை பூஜ்யம் :-) அந்த 400ஐ சினிமா டிக்கெட் காசு மாதிரி நினைச்சுக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் விட முக்கியம், பிளாக்ஜாக் விழுந்தா 3:2 தர்ற மேஜையான்னு பாக்கறது. 10 டாலருக்கு 15. 6:5 மேஜையில 12தான். சரியா ஆடினா காசினோவுக்கு அரை சதவீதம் சாதகம் இருக்கற ஆட்டத்துல இது மட்டும் சுமார் 1.4 சதவீதம் கூட்டிடும். ஸ்ட்ரிப்புல சின்னப் பந்தய மேஜைகள் பெரும்பாலும் 6:5. அதனால 400ஐ பத்திரமா எடுத்துக்கிட்டு டவுன்டவுன் பக்கம் நடையைக் கட்டுங்க.