லித்தியம் வேட்டையில் மறந்துபோன கல்

மின்சார பஸ்களில் இருக்கும் எல்எஃப்பி பேட்டரியின் சரக்கு லித்தியமும் இரும்பும் பாஸ்பேட்டும். அதே சேர்மானத்தில் இயற்கை ஒரு கல்லையே செய்து வைத்திருக்கிறது. பெயர் டிரிஃபிலைட். பவேரியாவில் கிடைத்த இந்த அரிய கனிமத்தை 1834-இல் யோஹான் ஃபூக்ஸ் விவரித்தார்.

கிரானைட் குழம்பு இறுகும்போது கடைசியில் மிஞ்சும் நீர்ச்சத்து மிகுந்த குழம்பில்தான் லித்தியமும் பாஸ்பரஸும் வந்து சேர்கின்றன. அது உறைந்தால் பெக்மடைட். புதிதாக உடைத்த டிரிஃபிலைட் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும். காலப்போக்கில் இரும்பு எலக்ட்ரானை இழக்க, லித்தியம் கசிந்து வெளியேற, கல் பழுப்பாகிக் கடைசியில் ஊதாவாகிறது. ஊதாவான கல்லுக்கு ஹெட்டரோசைட் என்று பெயர். மேலே படிந்த கறுப்பை அமிலத்தில் கழுவிவிட்டால் நிறம் பளிச்சிடும். சேகரிப்பாளர்களுக்கு அது போதும்.

ஸ்வீடனின் வாருத்ரெஸ்க் பெக்மடைட்டில் இந்த மாற்றத்தைப் படிப்படியாக ஆராய்ந்தவர்கள் பெர்சி க்வென்செலும் பிரையன் மேசனும். 1930, 40-களில் இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது.

1997-இல் டெக்சாஸில் ஆய்வாளர்கள் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோரின் குழு அதே சேர்மத்திலிருந்து லித்தியத்தை மின்கலத்தில் வெளியே எடுத்து, திரும்ப உள்ளே வைத்துக் காட்டியது. சார்ஜ் ஏறும்போது டிரிஃபிலைட் ஹெட்டரோசைட்டாகிறது. இறங்கும்போது பழையபடி டிரிஃபிலைட். படிகக் கூடு குலைவதில்லை. ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுகப் பிடித்திருப்பதால் எளிதில் தீப்பிடிப்பதும் இல்லை. விலையுயர்ந்த கோபால்ட்டும் வேண்டாம். இதற்கு வழி திறந்தது, சல்பேட்டோடு சேர்ந்தால் இரும்பின் மின்னழுத்தம் உயரும் என்று 1980-களில் குட்இனஃபுடன் சேர்ந்து கண்ட ஆறுமுகம் மந்திரத்தின் வேலை. மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019-இல் 97 வயது குட்இனஃபுக்காக நோபல் உரையை வாசித்தவரும் அவரே.

நம் ஊரிலோ லித்தியம் என்றாலே டன் கணக்குதான். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் என்று அறிவித்தார்கள், தலைப்புச் செய்தியானது. 2024-இல் ஏலம் கேட்கப் போதிய ஆளில்லாமல் ஏலமே ரத்து. ஆனால் ஒரு கல்லின் மதிப்பு டன்னில் மட்டும் இல்லை. எல்எஃப்பி செய்ய யாரும் டிரிஃபிலைட்டை வெட்டுவதில்லை, ஆலையில்தான் தயாரிக்கிறார்கள். அந்தக் கல்லிலிருந்து கிடைத்தது அறிவு.

கர்நாடகத்தின் மண்டியாவிலும் லித்தியம் பெக்மடைட் இருக்கிறது. அங்கே துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டுகளில் லித்தியம் எத்தனை சதவீதம் என்று குறிப்பதோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. அவற்றைப் பத்திரப்படுத்திப் பல்கலைக்கழகங்களின் கனிமவியல் ஆய்வகங்களுக்குத் திறந்துவிட வேண்டும். தேடலுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஆய்வகங்களுக்கும் போக வேண்டும்.