விலையைப் பார்க்காதே, எடையைப் பார்!



பத்திரிகையைப் புரட்டினால் இந்த மாதிரிச் செய்தி அடிக்கடி கண்ணில் படும். லாரியில் மறைத்துக் கொண்டுவந்த கஞ்சா பிடிபட்டது. மதிப்பு இத்தனை லட்சம் வெள்ளி. கட்டிகளை மேசையில் அடுக்கிவைத்து, பின்னால் அதிகாரிகள் நிற்கும் படமும் இருக்கும். "ஐயோ, இவ்வளவு பணமா!" என்று நாம் வாயைப் பிளக்கிறோம். வேலை தேடிக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பையனும் அதே எண்ணைத்தான் பார்க்கிறான். அவன் மனத்தில் என்ன கணக்கு ஓடுகிறதோ, யார் கண்டது? ஆகவே அந்த லட்சம் எங்கிருந்து வருகிறது என்பதை இன்று பேசுவோம்.

ரப்பருக்கும் செம்பனைக்கும் விலை அறிவிக்கிறார்கள். கஞ்சாவுக்கு அப்படி விலைப்பட்டியல் போடுவார் யாரும் இல்லை. பிடிபட்டவன் சொல்வது, துப்புக் கொடுப்பவன் சொல்வது, பழைய வழக்குகளில் தெரியவந்தது ஆகியவற்றை வைத்துப் போலீசார் ஒரு விலையைக் கணிக்கிறார்கள். அதை எடையால் பெருக்குகிறார்கள். அவ்வளவுதான். "மதிப்பிடப்படுகிறது" என்று செய்தியில் போடுவதும் இதனால்தான்.

சரி, எந்த விலையால் பெருக்குவது? சங்கதி இங்கேதான் இருக்கிறது. கணக்குக்காகச் சும்மா ஓர் எண்ணை வைத்துக்கொள்வோம். மொத்தமாக வாங்குகிறவன் ஒரு கிலோ கட்டிக்கு 3,000 வெள்ளி கொடுக்கிறான். அவன் அதை உடைத்துப் பத்துப் பத்து கிராமாகக் கட்டி, பொட்டலம் 60 வெள்ளிக்கு விற்றால் 6,000 வெள்ளி. அதையே ஒரு கிராம் பத்து வெள்ளி என்று தெருவில் சில்லறையாக விற்றால் 10,000 வெள்ளி. கட்டி ஒன்றுதான், விலை மூன்று. இப்படிப் பத்துக் கிலோ பிடிபட்டால் 30,000 என்றும் எழுதலாம், ஒரு லட்சம் என்றும் எழுதலாம். இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய எண்ணைப் போட்டால்தான் செய்தி எடுப்பாக இருக்கும். மலையிலிருந்து தெரு வரை எத்தனையோ கை மாறி, ஒவ்வொரு கையும் தன் லாபத்தை எடுத்துக்கொண்ட பிறகு சேரும் தொகை அது. ஒரே ஆள் பையில் விழும் பணம் அல்ல.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பால்மரம் வெட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாளி நிறையப் பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் ஊற்றினால், கிராணி மெட்ரோலாக்கை விட்டுப் பார்ப்பார். பாலில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தால் எடை இருந்து என்ன பயன்? உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதுதான் பேச்சு. கஞ்சாவும் அப்படியே. பச்சைச் செடியை வேரும் தண்டுமாகப் பிடுங்கித் தராசில் போட்டால் எடை ஏறும். காயவைத்தால் ஏறக்குறைய கால்வாசிதான் மிஞ்சும். அதிலும் தண்டையும் வேரையும் கழித்துவிட்டால் விற்கத் தக்கது இன்னும் குறைவு. பச்சை எடையை உலர்ந்த சரக்கின் விலையால் பெருக்கினால் வானளாவிய தொகை வராமல் என்ன செய்யும்? நம் நாட்டில் பெரும்பாலும் பிடிபடுவது உலர்த்தி அழுத்திய கட்டி என்பதால் இந்தக் கோளாறு குறைவு. ஆனாலும் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் டேப்பும் முதல் நாள் எடையில் சேர்ந்துவிடக்கூடும்.

சிங்கப்பூரில் இன்னொரு கணக்கும் சொல்வார்கள். 500 கிராம் கஞ்சா, 71 பேர் ஒரு வாரம் புகைக்கப் போதும் என்று அங்குள்ள போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு தெரிவிப்பது வழக்கம். ஆளுக்கு வாரம் ஏழு கிராம் என்று வகுத்தால் வரும் எண் அது. வெள்ளிக் கணக்கைவிட இந்த ஆள் கணக்கு நமக்கு நன்றாக உறைக்கிறது அல்லவா?

இனித்தான் முக்கியமான இடம். இந்த லட்சமும் மில்லியனும் பத்திரிகைக்குத்தான். ஒருவன் எந்தப் பிரிவில் குற்றம் சாட்டப்படுகிறான் என்பதை வெள்ளி தீர்மானிப்பதில்லை. நீதிமன்றம் கேட்பது: பொருள் என்ன, எடை என்ன? அதைச் சொல்பவர் இரசாயன இலாகா நிபுணர். உறையை நீக்கி, பொருளைச் சோதித்து, கிராம் கணக்கில் அவர் எழுதிக் கொடுப்பதே வழக்கில் நிற்கும்.

1952-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தைப் பாருங்கள். கஞ்சா 20 கிராமிலிருந்து 50 கிராமுக்குள் இருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. 50 கிராமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டுக்குக் குறையாது. ஆயுள் சிறைகூட விதிக்கலாம். 200 கிராமை எட்டிவிட்டால், அவனைக் கடத்தல்காரன் என்றே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவன் தலையில் விழும். 200 கிராம் எவ்வளவு தெரியுமா? கால் கிலோ டீத்தூள் பொட்டலத்தைவிடக் குறைவு!

கடத்தலுக்குத் தூக்குத்தண்டனை 1975-இல் சட்டத்தில் நுழைந்தது. 1983-இல் அது கட்டாயமாயிற்று. 2018-இல் சில வழக்குகளில் நீதிபதிக்கு வேறு வழி திறந்தது. 2023 ஜூலையில் கட்டாயத் தூக்கு அடியோடு நீங்கியது. ஆனால் தூக்கு போய்விடவில்லை. நீதிபதி விரும்பினால் இன்றும் விதிக்கலாம். இல்லாவிட்டால் ஆயுள் சிறையும் பிரம்படியும். சிங்கப்பூரிலோ 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்குத்தான் பொது விதி. 2023 ஏப்ரலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சா வழக்கில் நம் இனத்தவர் ஒருவரே அங்கே தூக்கிலிடப்பட்டார்.

"நான் விற்கவே இல்லை, தூக்கிக்கொண்டுதான் போனேன்" என்று சொல்வது எடுபடாது. சட்டத்தில் கடத்தல் என்றால் விற்பது மட்டுமல்ல. சுமப்பது, வைத்திருப்பது, மறைப்பது, அனுப்புவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். கூலி வாங்காமல் செய்தாலும் அதுதான். "உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது" என்பதையும் நிரூபித்தாக வேண்டும். அனுமானத்தின் மேல் அனுமானத்தை அடுக்கக் கூடாது என்று 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அந்தத் தீர்ப்பை நம்பிப் பையைத் தூக்குவது புத்திசாலித்தனமா, சொல்லுங்கள்!

பெற்றோரே, கணக்கைப் பாருங்கள். லட்சம் என்று பத்திரிகையில் வருகிறதே, அதில் பை சுமந்த பையனுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்? மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மாதத் தவணை கட்டும் அளவு இருந்தால் பெரிது. லாபத்தில் அவனுக்குச் சில நூறு. தண்டனையிலோ முழுப் பங்கும் அவனுக்கே. சரக்குக்குச் சொந்தக்காரன் படத்தில் நிற்பது அபூர்வம்.

தவறி ஏதேனும் நடந்துவிட்டால் வீட்டில் அழுதுகொண்டு உட்காராதீர்கள். கைதானவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவில் உள்ளவை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத மலேசியக் குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது பையனை அருகில் உட்காரவைத்துப் படியுங்கள். வெள்ளிக் கணக்கைத் தாண்டி, எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிற வரியில் விரலை வையுங்கள். "இதுதானப்பா உயிருக்குப் போட்ட விலை" என்று சொல்லுங்கள். அதட்ட வேண்டாம், அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.