தேவார வகுப்பு ஸ்லைடில் ஆசிரியர் முகம் ஏன் வேணும்னு சொல்றோம்



ஞாயிறு காலை தேவார வகுப்பில், திரையில் ஓடும் பாட்டு வரிகளுக்குப் பக்கத்திலேயே ஆசிரியரின் முகமும் கையும் நேரலையில் தெரியுற மாதிரி நாங்க செஞ்சு வர்றோம். இது தேவைதானா, வரிகள் மட்டும் போதாதான்னு அடுத்த செயலவைக் கூட்டத்தில் பேசப் போறாங்க. நிறுத்தச் சொல்றவங்க ஆலயத்துக்கு ரொம்ப உழைச்சவங்க. அவங்க கேள்வியிலும் நியாயம் இருக்கு. அதனால ஒலி, ஒளி வேலை பார்க்கும் தொண்டர்கள் நாங்க என்ன நினைக்கிறோம்னு கூட்டத்துக்கு முன்னாடியே எழுதிடுறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

"தேவாரம் சுவாமிக்குப் பாடுறது தம்பி, அங்க மனுஷன் மூஞ்சி எதுக்கு?" பெரியவர் ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்வி. சந்நிதியில் நின்னு பாடும்போது யார் முகமும் வேண்டாம்தான். ஆனா ஞாயிறு காலையில் நடக்கிறது வகுப்பு. ஓதுவார்கள் காலங்காலமா எப்படிக் கத்துக்கிட்டாங்க? குரு ஒரு வரி பாடுவார், சீடர் எதிரே உட்கார்ந்து அதையே திருப்பிப் பாடுவார். காதால கேட்டது பாதி. குரு வாயை எவ்வளவு திறக்கிறார், எந்த இடத்தில் மூச்சு வாங்குறார், தொடையில் தாளம் எப்போ விழுது, இதெல்லாம் கண்ணால பார்த்துக் கத்துக்கிட்டது. வெறும் வரியை ஸ்லைடில் போட்டு, பின்னால குரலை மட்டும் விட்டா, புத்தகமும் ரேடியோவும் கொடுத்த மாதிரிதான்.

நம்ம பிள்ளைங்க நிலைமையையும் பாருங்க. தமிழ்ப்பள்ளியில் படிக்கிறவங்க தமிழ் எழுத்தைப் பார்த்தே படிச்சிடுவாங்க. தேசியப் பள்ளி, சீனப் பள்ளிக்குப் போறவங்களுக்காக ரோமன் எழுத்திலும் வரிகளைப் போடுறோம். ரோமன் எழுத்தில் ல, ள ரெண்டும் ஒண்ணுதான். ந, ன, ண மூணும் ஒண்ணுதான். எழுத்து சொல்லித் தராததை யாராவது சொல்லித் தரணும் இல்லையா? 'ல' சொன்னா நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால தொடும். 'ள' சொன்னா வளைஞ்சு அண்ணத்தைத் தொடும். 'ழ' சொன்னா வளையும், ஆனா எங்கேயும் ஒட்டாது. இதை ஆசிரியர் கேமரா பக்கம் வந்து வாயைத் திறந்து காட்டுறாங்க. நாக்கு முழுசாத் தெரியாதுதான், ஆனாலும் பிள்ளைங்க வீட்டில் உட்கார்ந்து அதே மாதிரி செஞ்சு பார்க்குதுங்க.

நாக்கை விட உதடு நல்லாத் தெரியும். 'குரு'ன்னு சொல்லும்போது கடைசியில் உதடு குவியும், அது முற்றியலுகரம். 'காசு'ன்னா குவியாது, சத்தமும் குறுகிடும், அது குற்றியலுகரம். இலக்கணப் பெயர் சொன்னா பிள்ளைங்க கொட்டாவி விடும். உதட்டைக் காட்டினா ஒரே நிமிஷத்தில் புரியுது. தேவாரத்தில் இந்த உகரம் வராத பாட்டு உண்டா? எல்லாத்தையும் குவிச்சுப் பாடினா பண்ணே வேற மாதிரி கேட்கும்.

அப்புறம் காது மந்தமானவங்க. ஆன்லைனில் சேர்ற பெரியவங்களில் சிலர் காதுக் கருவி போட்டிருக்காங்க. நேரில் பேசும்போது நம்ம வாயைப் பார்த்துத்தான் பாதி புரிஞ்சுக்குறாங்க. முகத்தை எடுத்துட்டா அந்தப் பாதியும் போயிடும். கூட்டத்தில் யார் பேசினாலும் பேசாட்டியும், இவங்களுக்காக நாங்க பேசியே ஆகணும்.

"ஆன்லைனே எதுக்கு, நேரில் வரட்டும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ வேற வழியில்லாம எல்லாரும் ஸூமுக்குப் போனோம். கட்டுப்பாடு முடிஞ்சு நடக்க முடிஞ்சவங்க திரும்பி வந்துட்டாங்க. இன்னும் திரைக்கு முன்னால இருக்கிறவங்க யாருன்னு பாருங்க. மூட்டு வலியோட படி இறங்க முடியாத பாட்டிமார். பாலம் தாண்டி சிங்கப்பூரில் ஷிப்ட் வேலை செஞ்சுட்டு, காலையில் வந்து படுக்கிறதுக்கு முன்னால அரை மணி நேரம் கேட்கிறவங்க. 2025 ஜனவரியில் நம்ம ஜொகூரில் சனி, ஞாயிறு மறுபடி விடுமுறையானது நிறைய குடும்பங்களுக்கு வசதியாச்சு, ஆனா ஷிப்டுக்கு ஏது ஞாயிறு? முகத்தை எடுத்துட்டா இவங்க கோயிலுக்கு வந்துடப் போறதில்லை. வகுப்பை விட்டுடுவாங்க, அவ்வளவுதான். வர முடிஞ்சவங்களைப் பத்தி எங்களுக்குக் கவலை இல்லை. திருநீறும் பொங்கலும் ஸூம் வழியா வராதுன்னு அவங்களுக்கே தெரியும்.

செலவைப் பத்தியும் கேட்டாங்க. புதுசா எதுவும் வாங்கல. மைக்ரோசாப்ட் 365 பவர்பாயிண்டில் 2022-ல் 'கேமியோ'ன்னு ஒரு வசதி வந்துச்சு. ஸ்லைடில் ஒரு கட்டம் வைச்சா, காட்டும்போது அந்தக் கட்டத்துக்குள்ள கேமரா படம் நேரா ஓடும். எந்த ஸ்லைடில் கட்டம் வைக்கலையோ அங்க முகம் வராது. ஆப்பிள் கணினி வைச்சிருக்கிறவங்களுக்குக் கீநோட்டில் 2021-லேயே இது வந்துடுச்சு. ஓபிஎஸ்னு ஒரு இலவச மென்பொருளிலும் செய்யலாம். அதில் வேலை கொஞ்சம் கூட, ஆனா வசதியும் கூட. பொருளாளர் ஐயா நிம்மதியா இருக்கலாம். கையில் காசு இருந்தா முதலில் நல்ல மைக் வாங்குங்கன்னுதான் நாங்களே சொல்வோம். படம் மங்கலா இருந்தாலும் சமாளிக்கலாம், குரல் கரகரன்னா தேவாரம் கத்துக்க முடியாது.

வேற ஆலயங்களில் இதைச் செய்ய நினைக்கிற தொண்டர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிஞ்ச சில விஷயம். வலது கீழ் மூலையில் சின்ன வட்டமா முகத்தை வைக்காதீங்க. தமிழ் வரி நீளம், நாலாவது வரியின் கடைசிச் சொல் முகத்துக்குப் பின்னால மறைஞ்சிடும். வட்டத்தில் கையும் தெரியாது. இடது பக்கம் மூணில் ஒரு பங்கு உயரமான கட்டமா விட்டா முகம், தாளம் போடுற கை ரெண்டும் வரும், வரிகளுக்கும் இடம் இருக்கும். விண்டோஸ் மடிக்கணினியில் பல சமயம் ஒரே கேமராவை ரெண்டு செயலி ஒண்ணா எடுக்க முடியாது. அதனால பவர்பாயிண்ட் கேமராவை எடுத்துக்கும்போது ஸூம் கேமராவை அணைச்சு வையுங்க. திரையைப் பகிரும்போது வீடியோவுக்கு ஏத்த மாதிரி அனுப்புற தேர்வை இயக்குங்க. இல்லேன்னா உதடு விட்டு விட்டு அசையும், அதுக்கு முகமே இல்லாம இருக்கலாம். மிக்சர் வழியா வர்ற குரல் உதட்டை முந்திக்கும். ஓபிஎஸ்ஸில் குரலைக் கொஞ்சம் மில்லி செகண்டு பின்னால தள்ளிச் சரி பண்ணலாம். ஆசிரியரை ஜன்னலுக்கு எதிரே முகம் காட்டி உட்கார வையுங்க, ஜன்னல் முதுகுக்குப் பின்னால போனா முகம் கருப்பாயிடும்.

இப்போ பெரியவர் கேள்விக்குத் திரும்பி வர்றோம். சுவாமி படம் உள்ள ஸ்லைடில் பக்கத்தில் மனுஷ முகம் வரக்கூடாதுன்னு அவர் சொன்னது சரி. எங்க ஸ்லைடுகளில் அப்படித்தான் இருக்கு. சுவாமி படம், தலத்தின் படம் வரும்போது கேமரா கட்டம் கிடையாது. கடைசியில் எல்லாரும் சேர்ந்து பதிகம் பாடும்போதும் முகம் இல்லை, வரிகள் மட்டும் பெரிசா வரும். சந்நிதிப் பக்கம் இந்தக் கேமரா திரும்பாது. பூஜை நேரலை வேணுமா வேண்டாமான்னு குருக்களும் நிர்வாகமும் பேசி முடிவு பண்ணட்டும். அதையும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்க நிர்வாகத்தை விடக் கண்டிப்பு. பிள்ளைங்க முகம் எந்தப் பதிவிலும் வரக்கூடாது. பேஸ்புக் லைவில் யார் பார்க்குறாங்க, யார் எடுத்து வைச்சுக்குறாங்கன்னு நமக்குத் தெரியாது. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க பக்கம் கேமராவே போகாத மாதிரி வைச்சிருக்கோம். "என் பிள்ளை பாடுறதைக் காட்டுங்க"ன்னு கேட்கிற பெற்றோர் கோவிச்சுக்காதீங்க, உங்க போனில் நீங்களே எடுத்துக்குங்க. ஆசிரியர் சம்மதமும் அதே மாதிரிதான். நம்ம ஆசிரியை அம்மா, "என் முகத்தை யாருப்பா பார்ப்பா"ன்னு கூச்சப்பட்டவங்க. யூடியூப்பில் எந்த வகுப்பு இருக்கணும், எதை எடுக்கணும்னு அவங்கதான் சொல்றாங்க, நாங்க செய்றோம்.

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்கு நம்ம பிள்ளைங்க தயாராகணும். வகுப்பை இப்போ பாதியில் மாத்தினா, வீட்டிலிருந்து கத்துக்கிறதுங்கதான் முதலில் தடுமாறும்.

செயலவை உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வர்ற ஞாயிறு மண்டபத்துக்கு வராம, வீட்டில் உங்க கைப்பேசியிலேயே வகுப்பைப் பாருங்க. முதல் அரை மணி நேரம் வரிகள் மட்டும் வரும், அடுத்த அரை மணி நேரம் ஆசிரியரோட வரும். ரெண்டிலும் கூடவே பாடிப் பாருங்க, அப்புறம் கூட்டத்தில் உங்க முடிவைச் சொல்லுங்க.

ஸ்லைடு மாத்த, கேமரா பார்க்க இன்னும் ரெண்டு பேர் வேணும். பதினைஞ்சு வயசுக்கு மேல உள்ள தம்பி, தங்கச்சிங்க யாருக்கு ஆர்வம் இருந்தாலும் அப்பா, அம்மாகிட்ட சொல்லிட்டு ஞாயிறு எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க. பசியாறல் ஆலயத்தில்.

திருச்சிற்றம்பலம்.