சம்பளத்தைக் குடிக்கும் பைக்! ஜம்பம் வேண்டாம், கணக்கு போடுங்கள்

சென்னை நகரில் மாதச் சம்பளக்காரர் ஒருவர் பைக் வாங்கக் கிளம்பினால் போதும். மகன் ஒன்று சொல்வான். மைத்துனன் ஒன்று சொல்வான். ஷோரூம் ஆசாமியோ, "150 சி.சி. எடுங்க சார், கெத்தா இருக்கும்" என்பார். கெத்து இருக்கும், சரி. 25-ம் தேதிக்கு மேல் பர்ஸில் காசு இருக்குமா?

கணக்கு இதோ

தாம்பரத்தில் குடியிருக்கும் குமாஸ்தா பாரிமுனைக்குப் போய்த் திரும்ப சுமார் 55 கி.மீ. மாதம் 25 நாள் என்றால் 1,375 கி.மீ. நகர நெரிசலில் லிட்டருக்கு 55 கி.மீ. கொடுக்கும் 100 சி.சி. வண்டிக்கு 25 லிட்டர் போதும். 40 கொடுக்கும் வண்டிக்கு 34 லிட்டருக்கு மேல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 900 ரூபாய்க்கு மேல் துண்டு விழும். வருடத்துக்கு 11 ஆயிரம்! பிள்ளையின் ஸ்கூல் பீஸில் ஒரு பங்கு புகையாகப் போகிறது. இத்தனைக்கும் கிண்டி சிக்னலில் இரண்டு வண்டியும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன!

ராஜ்தூத், எஸ்டி காலத்தில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றினார்கள். 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்த பிறகுதான் 'போர் ஸ்ட்ரோக்' சிக்கனம் என்ன என்று ஜனங்களுக்குப் புரிந்தது. இன்றைய ஸ்பிளெண்டர், பிளாட்டினா, ஷைன் 100 எல்லாம் அதே வழியில் வந்தவைதான். கோயம்பேட்டில் காய்கறி மூட்டை ஏற்றும் கடைக்கார அண்ணாச்சிக்கு அதுகூட வேண்டாம். எக்ஸ்.எல். மொபெட்டே ராஜா!

வட்டிக் குட்டி

2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நல்ல காரியம். ஆனால் மிச்சமான பணத்தைக் கடனில் கழிக்காமல், "இன்னும் பெரிய வண்டி" என்று தாவினால் லாபம் யாருக்கு?

கடனிலும் உஷார் தேவை. 60 ஆயிரம் ரூபாய்க்கு 12 சதவீத 'பிளாட்' வட்டி, 3 வருடம் என்றால் வட்டி மட்டும் 21,600. அசல் மாதாமாதம் குறையும், வட்டி குறையாது. உண்மையில் அது 20 சதவீதத்தைத் தாண்டிய வட்டி! "தவணை எவ்வளவு?" என்று கேட்பவர்கள், "மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

பழைய வண்டியா?

பழைய வண்டி வாங்குவது கேவலம் இல்லை. ஆனால் மலிவு விலையைப் பார்த்து மயங்கினால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டி வரும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பைனான்ஸ் பாக்கி இல்லை என்பதற்குச் சான்று வேண்டும். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, உடனே பெயர் மாற்ற வேண்டும்.

விற்பவருக்கும் இதில் தூக்கம் போகும். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. "வித்துட்டேன் சார்" என்று கையை விரித்தால் எடுபடாது.

டயரில் காற்று, செயினில் எண்ணெய், காலத்தோடு ஆயில் மாற்றம். இந்த மூன்றும் இல்லாவிட்டால் எந்த வண்டியும் சொன்ன மைலேஜ் தராது. ஸ்டிக்கருக்கும் அலாய் வீலுக்கும் கொட்டும் காசில் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் இரண்டு வாங்கலாம். ஒன்று ஓட்டுகிறவருக்கு, ஒன்று பின்னால் உட்காரும் வீட்டுக்காரிக்கு.

பைக் வேலைக்குப் போக. பைக்குக்காக வேலைக்குப் போகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்!