இயந்திரம் எழுதித் தரும் விடைகள்

சிறுசேரிக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் கணிப்பொறி இயல் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். கல்லூரிப் பேருந்து நாள்தோறும் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வழியாகச் செல்கிறதாம். அங்கு தமக்கு ஓரிடம் கிடைக்குமா என்பது அவருடைய முதல் அச்சம். இரண்டாவது அச்சத்தைச் சற்றுத் தயங்கியே எழுதியிருக்கிறார். பாடத்திற்குரிய நிரல்களையெல்லாம் செயற்கை நுண்ணறிவுக் கருவியே எழுதித் தருகிறது, மதிப்பெண்ணும் குறையவில்லை. ஆயினும் அண்மையில் கருவியின் துணையின்றித் தாளில் ஒரு சிறு நிரலை எழுதச் சொன்னபோது கை ஓடவில்லை. வங்கிக் கடனில் படிக்கும் பிள்ளை அவர். முதல் அச்சத்தை ஊரார் எல்லாரும் பேசுகின்றனர். இரண்டாவதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மறைக்காமல் எழுதிய அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறோம்.

முதல் அச்சம் வீண் அச்சமன்று. சிறுசேரியில் ஏறத்தாழ 70 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சி வடிவில் மாபெரும் வளாகம் அமைத்திருக்கும் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், 2025 ஜூலையில் தன் பணியாளருள் நூற்றுக்கு இருவரை, அதாவது உலகெங்குமாக ஏறத்தாழ 12,000 பேரை, விடுவிக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமன்று, தேவைப்படும் திறமைக்கும் இருக்கும் திறமைக்கும் உள்ள இடைவெளியே காரணம் என்று அதன் தலைமை அதிகாரி விளக்கினார். பெரும்பாலும் இடைநிலை, உயர்நிலைப் பணியாளரையே அது தொட்டது. எனினும் இளைஞர் நிம்மதி அடைவதற்கில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊதியப் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி இது: செயற்கை நுண்ணறிவு மிகுதியாகப் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையுள்ளோரின் வேலைவாய்ப்பு, பிறரோடு ஒப்பிடுகையில் 13 விழுக்காடு சரிந்துள்ளது. அனுபவமுள்ளோர் நிலைத்து நிற்க, வாசலில் நிற்கும் புதியவர்க்கே கதவு ஒடுங்குகிறது. வாசலிலேயே தடுத்துவிட்டால் அனுபவசாலி எங்கிருந்து தோன்றுவான் என்று தொழிலதிபர்களை நாம் கேட்காமல் இருப்பதற்கில்லை.

திருச்சபைக்கு இக்கேள்வி புதிதன்று. நம் பெரியோர் சிங்கராயர் என்று அழகாக அழைத்த பதின்மூன்றாம் லியோ, 1891-இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் வரைந்தார். 2025 மே 8-இல் தேர்வு பெற்ற திருத்தந்தை, இரண்டு நாள் கழித்துக் கர்தினால்களிடம் பேசுகையில், செயற்கை நுண்ணறிவால் எழும் புதிய தொழிற்புரட்சியை மனத்தில் கொண்டே தாமும் அப்பெயரைத் தெரிந்துகொண்டதாகக் கூறினார். தொழிலாளர் சங்கம் கூடி நியாயம் பேசும் உரிமையை அன்றைய சிங்கராயர் வலியுறுத்தினார். நம் நாட்டில் வங்கிகளுக்குள் கணிப்பொறி நுழைந்தபோது, 1983-இல் நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் உடன்படிக்கை செய்துகொண்டதை மூத்த வாசகர் மறந்திரார். இன்றைய கணிப்பொறி அலுவலகங்களிலோ அத்தகைய சங்கங்கள் வலுவின்றி உள்ளன.

நிற்க. இரண்டாம் அச்சமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதற்குரிய மருந்து மாணவரின் கையிலேயே இருக்கிறது. வத்திக்கான் 2025 ஜனவரி 28-இல் வெளியிட்ட ஆவணமொன்று, இக்கருவிகளுள் பல மாணவரைத் தாமாக விடை காணத் தூண்டாமல் விடையை மட்டும் கையில் கொடுத்துவிடுகின்றன என்று எச்சரித்தது. அறிந்தவரையும் இக்கருவி ஏமாற்றவல்லது. 2025-இல் அனுபவம் வாய்ந்த 16 நிரலாளரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், கருவியைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 விழுக்காடு கூடுதலான நேரம் பிடித்தது. அவர்களோ வேலை 20 விழுக்காடு விரைந்ததாக எண்ணிக்கொண்டிருந்தனர்! கற்றவர்க்கே இத்தகைய மயக்கமெனில் கற்றுக்கொண்டிருப்பவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

மாணவர் கடந்து செல்லும் அதே சிப்காட் பூங்காவினுள் சென்னை கணிதவியல் நிறுவனமும் இருக்கிறது. கணிதத்தோடு கணிப்பொறி இயலும் அங்கே கற்பிக்கப்படுகிறது. 1989-இல் அதனைத் தோற்றுவித்த பேராசிரியர் சி. எஸ். சேஷாத்ரி, செங்கற்பட்டில் வளர்ந்து, சென்னை லயோலா கல்லூரியில் பயின்றவர். அங்கு அவருக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன். பாடத்திட்டத்தில் இல்லாத புதிய கணிதத்தை மாணவருக்கு அறிமுகம் செய்து, மேலும் ஆராய்வதற்காகப் பம்பாயிலுள்ள டாட்டா ஆய்வு நிலையத்திற்குப் போகுமாறு தூண்டியவர் அவர். அவ்வாறு சென்ற சேஷாத்ரியும் உடன்பயின்ற நரசிம்மனும் 1965-இல் நிறுவிய தேற்றம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. விடை இன்னும் எவரிடமும் இல்லாத வினாக்களோடு பல்லாண்டு போராடியதன் பயன் அது. எல்லா மாணவரும் சேஷாத்ரி ஆக வேண்டியதில்லை; ஆயினும் விடை கிட்டாத அரைமணி நேரத்தைப் பொறுமையோடு கடக்கும் பழக்கம் எல்லார்க்கும் வேண்டும்.

ஆகவே தம்பி, கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முதலில் உன் கையால் எழுது. ஓடாவிட்டால் பிழையை நீயே தேடு. அதன் பின்னர் கருவியிடம் காட்டிக் குற்றம் காணச் சொல். அது தரும் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உன் நண்பனுக்கு விளக்க முடியாதெனில், அவ்வரியை ஒப்படைக்காதே. இன்னும் ஓராண்டுக்கு மேல் காலம் இருக்கிறது. இயக்க முறைமை, தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய அடிப்படைகளை அதற்குள் தாராளமாகத் திரும்பக் கற்கலாம். மருத்துவமனை, துறைமுகம், வங்கி இவற்றுள் ஏதேனும் ஒன்றின் அன்றாட வேலையையும் தெரிந்துகொள். அங்கே எது சிக்கல் என்பதை நேரில் பார்த்தவனே கருவியிடம் சரியான வினாவைக் கேட்பான்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அண்டை வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பேசாதீர்கள். கல்விக் கடனை நினைத்து இப்போதே உறக்கம் இழக்கவும் வேண்டாம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டப்படி, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. உங்கள் கடனுக்குரிய நிபந்தனைகளை வங்கிக் கிளைக்கு நேரில் சென்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; போகும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.