வெடியுப்பும் கறியுப்பும்
காலித் தோட்டாவைத் தாமே நிரப்பிச் சுடும் அமெரிக்கப் பொழுதுபோக்காளர்கள், 2020-க்குப் பிறகு வெடிமருந்தும் கேப்பும் விலையேறிவிட்டதாகப் புலம்புவதைப் படித்தபடி மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டினேன். வேட்டையாடிய நம் நரிக்குறவர்கள் அதே வேலையை வயிற்றுக்காகச் செய்தவர்கள். துப்பாக்கிக் குழலில் மருந்து கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈயக்குண்டு போட்டுக் கம்பியால் கிட்டிப்பார்கள். அந்த மருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, மிச்சம் கரியும் கந்தகமும். இங்கே குவிந்து கிடக்கும் உப்பு அதற்கு உதவாது. பெயரில் மட்டும்தான் உறவு. பக்கத்துக் கழுவெளி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. எனக்கு உறுத்துவது மருந்தின் விலையல்ல, அதன் சேற்றில் இன்னும் தங்கியிருக்கக்கூடிய பழைய வேட்டை ஈயக்குண்டுகள். இரையை அரைக்கக் கல் பொறுக்கும் வாத்து, அதையும் கல் என்றே விழுங்கும்.